ஒரு நிமிஷத்தில் மோட்டார் ஓடாது

ஆவடி–பூந்தமல்லி சாலையில் இருக்கிற ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் துறை விரிவுரையாளராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். பாதி வாழ்க்கை மெஷின்ஸ் லேபில் போனது. அங்கே இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிற ஆசிரியர்கள், மேடம் ஏதாவது எழுதிக் கொடுங்கள், எங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்றார்கள். அறிவுரை எழுத எனக்குத் தெம்பில்லை. கேட்கிறவர்களும் குறைவு. அதனால் நடந்தது ஒன்றை எழுதுகிறேன். எனக்குக் கோபம் வரும் இடங்களில் கோபமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எனக்கு ஹை வோல்டேஜ் என்று பேர் வைத்திருந்ததும் எனக்குத் தெரியும்.

1. ஃபியூஸ் போன காலை

பிராக்டிகல் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒரு நாற்காலியில், இன்டர்னல் எக்ஸாமினரான நான் பக்கத்து நாற்காலியில். கோகிலாவுக்கு சீட்டுக் குலுக்கலில் டிசி ஷன்ட் மோட்டார் லோட் டெஸ்ட், அதாவது மோட்டாரை ஓடவிட்டுப் பாரம் ஏற்றிப் பார்க்கிற சோதனை, வந்தது. எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. மற்ற எதிலாவது தடுமாறலாம், இதில் தடுமாற மாட்டாள் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கோகிலா குத்தம்பாக்கத்துப் பெண். அப்பா தண்ணி லாரி ஓட்டுகிறார். முன்பு அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, இப்போது இல்லை. இரண்டாம் வருஷம் மஞ்சள் காமாலை வந்து பாதி செமஸ்டர் வீட்டில் படுத்துவிட்டாள். லேபுக்கு வர முடியவில்லை, அந்த பிராக்டிகலும் அரியராக நின்றுபோனது. மற்ற எல்லாப் பேப்பரும் பாஸ். கேம்பஸ் இன்டர்வியூவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் தயாரிக்கிற ஒரு கம்பெனி அவளை டெஸ்ட் பெஞ்சில், செய்த மோட்டாரை ஓட்டிச் சோதிக்கிற இடத்தில், டிரெய்னியாக எடுத்திருந்தது. அரியர் இல்லாமல் வந்தால் வேலை. இந்த ஒரு பிராக்டிகல்தான் பாக்கி.

கனெக்ஷன் எல்லாம் சுத்தமாகக் கொடுத்தாள். எக்ஸாமினர் எழுந்து போய் ஒயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சரி, ஆன் பண்ணு என்றார். ஸ்விட்சைப் போட்டாள். ஸ்டார்ட்டர் ஹேண்டிலைப் பிடித்தாள். ஒரே தள்ளு. டப்பென்று சத்தம், மோட்டார் ஒரு உதறு உதறி நின்றது. ஃபியூஸ் போய்விட்டது.

மின்சாரம் படிக்காதவர்களுக்காக இந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நின்றுகொண்டிருக்கிற டிசி மோட்டாருக்கு முழு கரண்டையும் ஒரேயடியாகக் கொடுத்தால் அது தாங்காது. அதற்காகத்தான் ஸ்டார்ட்டர் என்று ஒரு பெட்டி. அதன் முகத்தில் வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள் இருக்கும், ஸ்டட் என்போம். ஹேண்டிலை முதல் ஸ்டட்டுக்குக் கொண்டுவந்து அங்கே நிறுத்த வேண்டும். மோட்டார் முனகிக்கொண்டே சுற்ற ஆரம்பிக்கும். சத்தம் மாறும். மாறிய பிறகு அடுத்த ஸ்டட். இப்படி நின்று நின்று கடைசிவரை போக வேண்டும். அவசரப்பட்டுத் தள்ளினால் ஃபியூஸ் போகும். அவ்வளவுதான் விஷயம். சின்னக் குழந்தைக்கும் புரியும்.

நான் எழுந்து போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் புதுக் கம்பி போட்டேன். எக்ஸாமினர் நல்ல மனிதர். பயத்தில் பண்ணிவிட்டாய், மெதுவாக இன்னொரு முறை செய் என்றார். கோகிலா தலையை ஆட்டினாள். துப்பட்டாவில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள். ஹேண்டிலைப் பிடித்தாள்.

அதே தள்ளு. இந்த முறை ஃபியூஸோடு மெயின் பிரேக்கரும் விழுந்தது. லேப் முழுக்க எல்லா மேஜையும் நின்றுபோனது.

2. வீடியோ எங்கள் லேபுக்கு வந்த கதை

அதற்குச் சில மாதம் முன்னால் பிரின்சிபால் எங்களையெல்லாம் கூப்பிட்டு மீட்டிங் போட்டார். எங்கள் பிரின்சிபால் வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர், மரியாதை தெரிந்தவர். அட்மிஷன் குறைந்துகொண்டே போகிறது, பிள்ளைகள் புத்தகத்தைத் திறப்பதில்லை, எல்லாரும் போனில் ஒரு நிமிஷ வீடியோ பார்த்துத்தான் படிக்கிறார்கள் என்றார். ஒவ்வொரு எக்ஸ்பெரிமென்ட்டுக்கும் ஒரு நிமிஷத்துக்குள் ஒரு வீடியோ எடுத்து இணையத்தில் இருக்கிற காலேஜ் பக்கத்தில் போட வேண்டும் என்றார்.

"பசங்க எங்க இருக்காங்களோ அங்க நாம போகணும் மேடம்" என்றார்.

"பசங்க கேன்டீன்லகூடத்தான் சார் இருக்காங்க. அங்க போய் கிளாஸ் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எனக்கு ஷூட்டிங் தேதி குறித்தார். அவரிடம் சண்டை போட்டு ஜெயிக்கவே முடியாது, குரலை உயர்த்தவே மாட்டார்.

வீடியோ எடுத்து வெட்டி ஒட்டுகிற வேலைக்கு ஒரு மாணவி வேண்டும் என்றார்கள். எல்லாரும் ஒரே குரலாகச் சொன்ன பேர் கோகிலா. கண்ணாடி விரிசல் விட்ட ஒரு போன். அதில்தான் எல்லாம் செய்வாள். குமணன்சாவடியில் பஸ் மாறி நிற்கிற நேரத்தில்கூட எடிட்டிங் ஓடிக்கொண்டிருக்கும். காலேஜ் ஆண்டு விழாவுக்கு அவள் வெட்டிக் கொடுத்த வீடியோவைக் கரஸ்பாண்டென்ட் பத்துப் பேருக்கு அனுப்பினாராம். அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது. இருக்கட்டும், இருக்க வேண்டியதுதான்.

ஷூட்டிங் அன்று சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்திவிட்டாள். வேர்த்துக் கொட்டியது. நான் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போயிருந்தேன், அதை ஒத்துக்கொள்வதில் என்ன வெட்கம். லோட் டெஸ்ட்டை வகுப்பில் நடத்துகிற மாதிரியே முழுசாகச் செய்து காட்டினேன். ஸ்டார்ட்டரில் ஒவ்வொரு ஸ்டட்டாக நின்றேன். சூடேறாமல் இருக்கப் பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றினேன். அவள் மேஜை மேல் ஏறி நின்று எடுத்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. பாட்டு, மஞ்சள் எழுத்து, அம்புக்குறி எல்லாம் போட்டிருந்தாள். ஆனால் ஸ்டார்ட்டர் வருகிற இடத்தில் ஹேண்டில் ஆஃபில் இருந்தது, அடுத்த கணமே கடைசி ஸ்டட்டில் இருந்தது, சர்ரென்று ஒரு சத்தம் வேறு. நான் நின்று நின்று போனதெல்லாம் காணோம். ஏம்மா, நடுவில் நான் நின்றேனே, அது எங்கே என்று கேட்டேன்.

"அத வெச்சா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க மேடம். வீடியோ சும்மா நின்னா மேல தள்ளிட்டு போய்கினே இருப்பாங்க" என்றாள்.

அது கூடவே கூடாது, அங்கே நிற்பதுதான் பாடமே என்றேன். பஞ்சாயத்து பிரின்சிபாலிடம் போனது. நிற்கிற இடத்தைச் சேர்த்தால் ஒரு நிமிஷத்தைத் தாண்டுகிறது என்றார். லேபில் நேரில் சொல்லிக் கொடுக்கத்தான் நீங்கள் இருக்கிறீர்களே மேடம் என்றார். கடைசியில், அந்த இடத்தில் 'மெதுவாக நகர்த்தவும்' என்று எழுத்தாவது போட வேண்டும் என்று அடம்பிடித்தேன். கோகிலா போட்டாள், திரையின் அடியில். வீடியோவைக் காலேஜ் பக்கத்தில் ஏற்றிய பிறகு பார்த்தால், சரியாக அந்த எழுத்தின் மேலேயே காலேஜ் பேரும் கீழே எழுதுகிற வாசகமும் வந்து உட்கார்ந்துவிட்டது. எழுத்து யார் கண்ணுக்கும் தெரியவில்லை. சொன்னேன். அடுத்த வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

3. பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனது

பிடித்ததா என்றால், ஐயோ, அப்படிப் பிடித்தது. இதை மறைக்கக் கூடாது. என்னிடம் வாயே திறக்காத பையன்கள் வீடியோவுக்கு அடியில் சந்தேகம் கேட்டார்கள். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிற ஒருவன், பிரேக் டிரம்மில் ஏன் மேடம் தண்ணி என்று எழுதியிருந்தான். இத்தனை மாதம் அவன் எதிரில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். ஷேர் ஆட்டோவில் ஒரு பெண், வேறு காலேஜ் பெண், நீங்கள் மோட்டார் மேடம்தானே என்று கேட்டது. சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போய் அதையே இரண்டு தரம் சொன்னேன்.

என்ன காரணம் என்று ஒரு நாள் வகுப்பில் வெளிப்படையாகவே கேட்டேன். ஒரு பையன் எழுந்து, வீடியோ என்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிப் பார்க்கலாம், உங்களிடம் இரண்டாவது தடவை கேட்டால் கவனம் எங்கே இருந்தது என்று திட்டுவீர்கள் என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் திட்டவில்லை. பின்னே எப்படித் திட்டுவது, அதற்கப்புறம்.

லேபில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஒரு மோட்டாரைச் சுற்றி ஒரு கூட்டமே நிற்கும். ஒருவர் ஹேண்டில் பிடிப்பார், ஒருவர் ரீடிங் எழுதுவார், மிச்சப் பேர் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதுகைப் பார்ப்பதைவிட வீடியோ பார்ப்பது மேல்தான். அதனால் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்று மாறியது. நான் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, மேடம் இதற்கு வீடியோ இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்தார்கள். இல்லை என்றால் முகம் வாடிப்போகும். இருக்கிறது என்றால் பேனாவை மூடிவிடுவார்கள். இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேசவே பிடிக்காது.

கோகிலா அந்த வருஷம் எல்லா எக்ஸ்பெரிமென்ட் வீடியோவையும் வெட்டிக் கொடுத்தாள். லோட் டெஸ்ட் வீடியோதான் எல்லாவற்றிலும் அதிகம் ஓடியது. அரியர் பிராக்டிகலுக்கு அவள் தயாரானதும் அதை வைத்துத்தான். சனிக்கிழமை லேபுக்கு வந்து செய்து பார் என்று கூப்பிட்டேன். ஒரு தரம் வந்தாள். அப்புறம், எனக்கு அந்த வீடியோ மனப்பாடம் மேடம், நான்தானே எடுத்தேன் என்று சொல்லிவிட்டாள். பரீட்சையில் அவளுக்கு லோட் டெஸ்ட் வந்தபோது நான் ஏன் நிம்மதியானேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

4. வாய்க்குத் தெரிந்தது

பரீட்சை நாளுக்கு வருகிறேன். பிரேக்கர் விழுந்ததும் மற்ற மேஜைப் பிள்ளைகள் ரீடிங் பாதியில் நிற்க, திரும்பி அவளைப் பார்த்தார்கள். எக்ஸாமினர் அவளை மெஷினை விட்டு வரச் சொல்லி வைவா கேட்டார். ஸ்டார்ட்டர் எதற்கு என்றுதான் முதல் கேள்வி.

மடமடவென்று சொன்னாள். மோட்டார் நிற்கும்போது பேக் இஎம்எஃப் கிடையாது, அதனால் ஆரம்பத்தில் கரண்ட் ரொம்ப அதிகமாக வரும், அதைக் கட்டுப்படுத்த வரிசையாக ரெஸிஸ்டன்ஸ் வைத்திருக்கிறார்கள், மோட்டார் வேகம் பிடிக்கப் பிடிக்க அதை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். வீடியோவில் மஞ்சள் எழுத்தில் அவள் போட்டிருந்த வாசகம், ஒரு எழுத்து மாறவில்லை. அத்தனையும் சரி. அதை வாயால் சொன்ன அதே பெண்தான் ஐந்து நிமிஷம் முன்னால் இரண்டு தரம் ஃபியூஸைப் போக்கினாள்.

எக்ஸாமினர் என் பக்கம் குனிந்து மெதுவாகப் பேசினார்.

"மேடம், இந்தப் பொண்ணு வாய்க்கு எல்லாம் தெரியுது. கைக்குத் தெரியல. ரீடிங்கே இல்லாம நான் என்னத்துக்கு மார்க் போடறது?"

இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டேன். கம்பெனி வேலை காத்திருக்கிறது என்றும் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. அவர் லேபைச் சுற்றிக் கையைக் காட்டினார். மற்ற பிள்ளைகளுக்கும் நேரம் போய்க்கொண்டிருந்தது. நாளைக்குக் கம்பெனி டெஸ்ட் பெஞ்சில் இதையே செய்தால் என்ன ஆகும் என்று கேட்டார். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் மார்க் போட்டிருக்க மாட்டேன். கோகிலா ஃபெயில்.

எல்லாரும் போன பிறகு லேப் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று பயந்துகொண்டே பக்கத்தில் போனேன். அழவில்லை. போனைக் கையில் வைத்து அந்த வீடியோவையே ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னடி, இன்னுமா அதைப் பார்க்கிறாய் என்று கேட்டேவிட்டேன்.

"ரெண்டாவது தபா நான் மெதுவாத்தான் தள்ளினேன் மேடம். சத்தியமா மெதுவான்னுதான் நெனச்சேன்" என்றாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள். "நானே வெட்டினது. வெட்டறப்போ எத்தனை தபா பாத்திருப்பேன்னு எனக்கே தெரியாது. ஹேண்டில் அங்க கீது, அப்பால இங்க கீது. நடுவுல ஒண்ணு இருந்துதுன்னே என் கைக்குத் தெரியல மேடம்."

போனை வாங்கிப் பார்த்தேன். நூறு முறை பார்த்தது ஒருமுறை செய்ததை அழித்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதை அந்த நேரத்தில் அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. எழுந்திரு, கேன்டீன் மூடுவதற்குள் ஒரு டீ குடி என்று அழைத்துக்கொண்டு போனேன்.

5. பஸ் நிற்கிற இடம்

ரிசல்ட் வந்த மறுநாள் அவள் அப்பா வந்தார். லாரியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, லுங்கியோடு எப்படி உள்ளே வருவது என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டிருந்தாராம். நானே வெளியே போனேன்.

"இன்னா மேடம் ஆச்சு? ஊட்ல வாயே தொறக்க மாட்டேங்குது. கம்பெனி பஸ்ஸு திருமழிசைல எங்க நிக்கும்னு போய்ப் பாத்து வச்சிகினு வந்துது மேடம் அது" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். அவருக்கு ஸ்டார்ட்டர் புரிந்தது. லாரிக்காரருக்குப் புரியாதா. கிளட்சைப் பட்டென்று விட்டால் வண்டி ஆஃப் ஆகிற மாதிரியா என்று கேட்டார். அதே மாதிரிதான் என்றேன். தலையாட்டிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டார். கம்பெனிக்கு நான் போன் செய்தேன். இந்த பேட்ச் இடம் நிரம்பிவிடும், அடுத்த முறை அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கட்டும் என்று எச்ஆர் பெண் இனிமையான குரலில் சொன்னது. அந்த இனிமைதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அன்றைக்கே பிரின்சிபால் அறைக்குப் போனேன். அந்த வீடியோவை எடுங்கள், இல்லையென்றால் முழுசாகப் போடுங்கள் என்றேன். அவர் வருத்தப்பட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார். ஆனால் அந்த வருஷம் பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோரில் பலர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் வந்ததாகச் சொல்கிறார்களாம். ஒரு பிள்ளைக்கு நடந்ததை வைத்து எப்படி எடுப்பது, வேண்டுமானால் ஓரத்தில் ஒரு எச்சரிக்கை போடலாம் என்றார். ஓரத்தில் போட்டது போன தடவை எங்கே போனது சார் என்று சத்தமாகவே கேட்டேன். வெளியே கிளார்க் எட்டிப் பார்த்தார். பிரின்சிபால் எனக்கு டீ சொன்னார்.

வீடியோ அப்படியே இருந்தது. நானும் டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன். அட்மிஷன் வந்தால்தான் சம்பளம் என்பது எனக்கு மட்டும் தெரியாதா. ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்தது, தினமும் ஒரு சண்டை போட உடம்பு ஒத்துழைக்கவில்லை.

6. ஸ்டக் ஆயிடுச்சா?

அடுத்த பிராக்டிகல் வரைக்கும் கோகிலா பூந்தமல்லியில் ஒரு கோச்சிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். வேறென்ன வேலை, வீடியோ வெட்டுகிற வேலைதான். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு நிமிஷத்தில் வரலாறு, ஒரு நிமிஷத்தில் கணக்கு. அங்கே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இதையே செய்துகொண்டு போய்விடலாமே, எதற்கு இந்த மோட்டார் என்று நான்கூட ஒரு நாள் நினைத்தேன். அவளுக்கு அந்த எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் லீவு கேட்டு லேபுக்கு வந்துவிடுவாள்.

நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. சாவி என்னிடம் இருந்தது, லேபைத் திறந்துவிட்டு ரெக்கார்ட் நோட்டுகளைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆரம்பத்தில் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. நான் கம்பி மாற்றிப் போடுவேன். ஒரு கட்டத்தில், நீயே மாற்று என்று கம்பிச் சுருளை அவளிடம் கொடுத்துவிட்டேன். கை தன்பாட்டுக்குத் தள்ளிவிடுகிறது மேடம் என்று அவள் மேலேயே அவளுக்குக் கோபம் வரும். பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஸ்டட்டைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு மோட்டார் சத்தத்தைக் கேட்பாள். முனகல் மாறினால் ஒரு ஸ்டட். திரும்ப மாறினால் இன்னொன்று. ஃபியூஸ் போவது நின்றது.

அன்றைக்குத்தான், இதை அப்படியே எடுக்கலாம் மேடம், ஒரு இடத்திலும் வெட்டாமல் என்றாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான் என் பங்கு. பாட்டு கிடையாது, மஞ்சள் எழுத்து கிடையாது. ஒரு கை, ஒரு ஹேண்டில், மோட்டார் முனகுகிற சத்தம். காலேஜ் பக்கத்தில் போட பிரின்சிபால் தயங்கினார், இதை யார் பார்ப்பார்கள் என்றார். அவள் தன் சொந்தக் கணக்கிலேயே போட்டாள்.

பிரின்சிபால் சொன்னதுதான் நடந்தது. யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. பார்த்த சில பேரும் என்ன எழுதியிருந்தார்கள் என்று கோகிலா காட்டினாள். ஒருவன், வீடியோ ஸ்டக் ஆயிடுச்சா என்று கேட்டிருந்தான். இன்னொருவன், நெட் ஸ்லோவா, கை அங்கேயே நிற்கிறதே என்று கேட்டிருந்தான். எங்கள் காலேஜ் இரண்டாம் வருஷப் பையன் ஒருவன், அக்கா, எடிட் பண்ண மறந்துட்டீங்க என்று பணிவாக நினைவூட்டியிருந்தான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் ரொம்பக் களைப்பாக இருந்தது, இத்தனை வருஷம் இந்த லேபில் நின்றதெல்லாம் எதற்கு என்று தோன்றியது. கோகிலா சிரிக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் எழுதினாளாம்.

7. திரும்பவும் அதே மேஜை

அடுத்த பிராக்டிகலுக்கு வேறு எக்ஸாமினர். இளைஞர், பொறுமை குறைவு, வந்ததிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோகிலாவுக்குச் சீட்டில் லோட் டெஸ்ட் வரவில்லை, ஸ்பீட் கண்ட்ரோல் வந்தது. அதனால் என்ன, அதற்கும் ஸ்டார்ட்டர் உண்டு, அதே பெட்டிதான், அதே ஹேண்டில்தான். பரீட்சை எழுதுவது நான்தான் என்கிற மாதிரி இருந்தது எனக்கு.

ஸ்விட்சைப் போட்டாள். ஹேண்டிலை முதல் ஸ்டட்டுக்குக் கொண்டுவந்தாள். நின்றாள்.

மோட்டார் முனகியது. அவள் கண்ணை மூடியிருந்தாள். எக்ஸாமினர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். கொஞ்சம் பார்த்தார். அவள் அசையவே இல்லை.

"என்னம்மா நிக்கிற? மறந்துட்டியா?"

"இல்ல சார். மோட்டார் வேகம் புடிக்கட்டும்னு நிக்கிறேன்" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

அடுத்த ஸ்டட்டுக்குப் போனாள். அங்கேயும் நின்றாள். கடைசி ஸ்டட்டில் ஹேண்டில் போய்ப் பிடித்துக்கொண்டதும் மோட்டார் சீராக ஓடியது. எக்ஸாமினர் போனைப் பைக்குள் வைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் பார்த்தால் ஹை வோல்டேஜுக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள்.

பாஸ் ஆனாள். அந்தப் பெரிய கம்பெனி அந்த வருஷம் ஆள் எடுக்கவில்லை. அம்பத்தூரிலேயே பேனல் போர்டு செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் சேர்ந்தாள். சம்பளம் கோச்சிங் சென்டரில் வாங்கியதைவிடக் குறைவு, கம்பெனி பஸ்ஸும் கிடையாது, ஷேர் ஆட்டோதான். போன் செய்தால் நன்றாக இருக்கிறேன் மேடம் என்கிறாள். நம்புகிறேன்.

வெட்டிய வீடியோ இன்னும் காலேஜ் பக்கத்தில் இருக்கிறது, இன்னும் ஓடுகிறது. நான் ஓய்வு பெற்ற வருஷத்திலும் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் ஒரே தள்ளாகத் தள்ளி ஃபியூஸைப் போக்கினார்கள். எந்த இடத்தில் கற்றுக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். வீடியோ போடுங்கள். பிள்ளைகளுக்கு அது பிடித்திருக்கிறது, அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது, அதோடு மல்லுக்கட்டி என்னைப் போல் அலுத்துப்போகாதீர்கள். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் எந்த இடத்தை வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். பார்க்க அலுப்பாக இருக்கிற இடத்தில்தான் பெரும்பாலும் வேலையே இருக்கும். பரீட்சைக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் ஒரு தரமாவது அந்த ஹேண்டிலில் வைக்கச் சொல்லுங்கள். அது முதல் ஸ்டட்டில் நின்றால் பேசாமல் காத்திருங்கள், மறந்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். நின்றுகொண்டிருக்கும்போதுதான் அது கற்றுக்கொண்டிருக்கிறது.

ஃபியூஸ் கம்பிச் சுருள் லேபில் இடது பக்க அலமாரியில், மேல் தட்டில் இருக்கிறது. பிள்ளைகளையே மாற்றச் சொல்லுங்கள்.